சவுரியம்மாள் கட்டிய மூலை

பீகாரில் பூகம்பம் வந்து ஊர் ஊராக வீடுகள் விழுந்த 1934-ஆம் வருஷம், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி ஒருவர் நிவாரண நிதிக்குப் பணம் அனுப்பினார். ஷாப்பு முற்றத்தில் மேடை போட்டு, மனிதனுக்கு உறுதியான வீடு எவ்வளவு அவசியம் என்று பேசவும் பேசினார். பேப்பரில் பெயர் வந்தது. அனுப்பியதில் பாதி தொழிலாளர்களின் ஒருநாள் கூலியிலிருந்து பிடித்தது என்பது பேப்பரில் வரவில்லை. அதே முதலாளி தன் ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த பத்து வீட்டு லைனில், செங்கலைச் செங்கலோடு பிடித்து நிறுத்த ஒரு கூடை நல்ல சுண்ணாம்பு இல்லை என்பதும் வரவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

இந்த இரண்டாவது விஷயம் அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்கு நன்றாகத் தெரியும். சவுரியம்மாள். லைனின் கிழக்கு மூலை வீட்டுக்காரி. அந்தச் சுவருக்குப் போன சாந்தில் பாதியை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தன் தலையிலேயே சுமந்தவள்.

விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்துச் சேரி ஒன்றில் 1888 வாக்கில் பிறந்தாள். பத்து வயதில் சித்தாள் வேலைக்கு வந்துவிட்டாள். சுண்ணாம்பு சலிப்பது, மணலோடு சேர்த்து அரைப்பது, சட்டியில் சுமந்து சாரத்தில் ஏற்றுவது, தளம் போட்டால் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடிப்பது, இவ்வளவும் பெண்கள் வேலை. கரணை பிடித்துச் செங்கல் வைப்பதும் சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதும் ஆண்களுக்கு. பெண் தொட்ட குண்டு கோணலாக நிற்கும் என்று ஒரு சாத்திரம் வேறு. எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ தெரியாது. அந்தச் சாத்திரம் பேசிய கொத்தனார்கள் எழுப்பிய சுவர் எத்தனையோ கோணியிருக்கிறது, அதற்கெல்லாம் எந்தப் பெண் தொட்டாளோ.

ஆனால் பார்ப்பதற்கு யாரும் தடை போட முடியாதே. இருபது வயதில் வேலூரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலைக்குப் போயிருந்தாள். கட்டியது அஸ்ஸாமில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர். அவர் கதவு நிலைக்கு மேலே, சுவரின் நான்கு பக்கமும் சுற்றிவர மரச்சட்டம் வைத்து, மூலைகளில் ஒன்றோடொன்று கோத்து ஆணியடித்து, அதன் மேல் மறுபடி செங்கலை எழுப்பினார். வெள்ளைக்காரனுக்குக் காசு ஜாஸ்தி, மரத்தைச் சுவருக்குள் புதைக்கிறான் என்று கொத்தனார்கள் சிரித்தார்கள். சவுரியம்மாள் சிரிக்கவில்லை, அவருடைய பட்லரிடம் போய்க் கேட்டாள். அஸ்ஸாம் பூகம்பத்தில் சுவர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிய்ந்துகொண்டு நாலா பக்கமும் சாய்ந்ததை துரை கண்ணால் பார்த்தவர் என்று பட்லர் சொன்னான். பிள்ளைக்கு அரைஞாண் கட்டுகிற மாதிரி வீட்டுக்கும் ஒன்று கட்டுகிறார்கள் என்று அவள் புரிந்துகொண்டாள். புரிந்தது சரிதான்.

அருளப்பனைக் கட்டிக்கொண்டு ஆம்பூருக்கு வந்தாள். அவன் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தான். 1925-இல் முதலாளி லைன் வீடு கட்ட முடிவு செய்தபோது, காண்ட்ராக்ட் எடுத்தவர் மேஸ்திரி சுந்தரமூர்த்தி. பட்டுக்கரை வேட்டி, காதில் பென்சில். சவுரியம்மாள் அவரிடம் சித்தாளாகச் சேர்ந்தாள். தான் குடியிருக்கப்போகிற வீடு என்று சந்தோஷம் வேறு.

தோலில் முடி கழிவதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் பல நாள் ஊறப்போடுவார்கள். சுண்ணாம்பின் காரம் தீர்ந்ததும் குழியின் அடியில் தங்கும் வண்டலை வாரி வெளியே கொட்டுவார்கள். முடியும் உப்பும் கொழுப்பும் கலந்த வெள்ளைச் சேறு. ஷாப்பின் பின்னால் அது மேடு மேடாகக் கிடக்கும். சுந்தரமூர்த்தி அந்த மேட்டைப் பார்த்தார். கேட்பாரில்லாத சுண்ணாம்பு. அதையே சாந்துக்குப் போடச் சொன்னார். பூச்சில் முடி கலந்தால் வெடிப்பு விழாது என்று கொத்தனார்கள் சொல்வது உண்மைதான். அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு மொத்தச் சுவரையும் செத்த சுண்ணாம்பில் எழுப்பினார். தோல் பதனிடாத ஊரில் இந்தத் தப்பைச் செய்யக்கூட முடியாது.

முதல் நாளே சவுரியம்மாள் சாந்தில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். நல்ல சுண்ணாம்பு சுரீரென்று பிடிக்கும். இது உப்புக் கரித்தது, அவ்வளவுதான்.

“மேஸ்திரி, இதுல காரமே இல்லீங்க. கல்லைப் புடிக்காது.”

“இன்னா? கொத்தனாருங்க நாலு பேரு நிக்கிறாங்க, அவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா? உன் வேல சுமக்கறது. நாக்கை உள்ள வச்சிக்கினு சுமந்துட்டுப் போ.”

நான்கு கொத்தனார்களும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு செங்கல் வைத்தார்கள். அவர்களுக்கும் தெரியும். ஒன்பது வயது மகள் ஆரோக்கியம் வீட்டில் இருந்தாள், சித்தாள் வேலை போனால் வேறு வேலை கிடையாது. சுமந்தாள். அன்றைக்குச் சுமந்ததற்காக அவள் தன்னை ஒருநாளும் மன்னிக்கவில்லை, சுமக்க வைத்தவர்களையும் மன்னிக்கவில்லை.

பீகார் நிதி கொடுத்த அதே வருஷம் ஆவணியில், ஒரு காலை வேளை, ஆம்பூரிலும் தரை லேசாக ஆடியது. பெரிதாக ஒன்றுமில்லை. அடுப்பில் இருந்த பாத்திரங்கள் கலகலத்தன, உலர்த்தும் கொட்டகையில் தொங்கிய தோல்கள் ஊஞ்சலாடின, ஒரு மூச்சு விடுவதற்குள் நின்றுவிட்டது. பேப்பரில்கூட வரவில்லை. ஆனால் லைனின் கிழக்கு மூலையில் இரண்டு சுவர்களும் பிரிந்துகொண்டன. கூரையடியிலிருந்து கதவு நிலை வரைக்கும் பிளவு. சவுரியம்மாள் அதில் விரலை விட்டாள். சாந்து மாவாக உதிர்ந்தது.

ஆரோக்கியத்துக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். வாணியம்பாடியில் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஐப்பசியில் அடைமழையும் சேர்ந்து வரும். பிள்ளை பெற்றவளையும் பச்சைக் குழந்தையையும் இந்தச் சுவருக்கு அடியில்தான் படுக்க வைக்க வேண்டும், வேறு இடமில்லை.

மேனேஜர் நயீம் அகமதுவிடம் போனாள். கெட்டவர் இல்லை. யாருடைய கோபத்துக்கும் ஆளாகாமல் சாயங்காலம் வீடு போய்ச் சேர வேண்டும், அதுதான் அவருடைய கவலை. “மேஸ்திரியை அனுப்புறேம்மா” என்றார். சுந்தரமூர்த்தி வந்தார். பிளவில் அதே குழிச் சுண்ணாம்பை அப்பி, மேலே வெள்ளையடித்துவிட்டு, “ஆச்சு” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பத்தாவது நாள் மழை பெய்ததும் அப்பியது அப்படியே கழன்று விழுந்தது.

மறுபடி போனாள். இப்போதுதானே பார்த்தோம் என்றார்கள். மூன்றாவது முறை போனபோது, இருக்க இஷ்டமில்லையென்றால் காலி செய்துகொள்ளலாம் என்று பதில் வந்தது. திரும்பி வந்து புருஷனிடம் சொன்னாள்.

“நானே கட்டப் போறேன்.”

அருளப்பன் சுண்ணாம்பு அரித்த கால்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். “வேணாம்டி. தொரத்திடுவாங்க.”

“தொரத்தினா ரோட்டுல இருக்கலாம். செவுரு வுழுந்தா எங்க இருப்ப?”

அவன் எழுந்து, கூரைக்கு முட்டுக் கொடுக்க நான்கு கம்பம் தேடிக் கொண்டுவந்தான்.

தோல் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை குழி வேலையும் ஓடும், கணக்கரும் வருவார்கள். வெள்ளிக்கிழமை ஆபீஸ் பூட்டு. அதனால் வேலை வெள்ளிக்கிழமைகளில் பட்டப்பகலில் நடந்தது. பேரணாம்பட்டு ரோட்டுக் காளவாயிலிருந்து லைன் பெண்கள் ஆளுக்கு ஒரு கூடை சுண்ணாம்பு சுமந்து வந்தார்கள். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரில் வெல்லம் கரைத்து ஊற்றி அரைத்தார்கள். பக்கத்து வீட்டு சகீனா முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு அரைக்க உட்கார்ந்தாள். “அக்கா, எங்க வீட்டுச் செவுரும் இதே செவுருதான” என்றாள். அது நிஜம். பத்து வீட்டுக்கும் பின்சுவர் ஒன்றே. ஒரு மூலை போனால் வரிசையாகப் போகும்.

சவுரியம்மாள் கரணையைக் கையில் எடுத்தாள். முப்பத்தாறு வருஷம் சுவருக்குப் பக்கத்திலேயே நின்றவள், அன்றுதான் முதல் செங்கல் வைத்தாள். மூலையில் இரண்டு முழம் வரைக்கும் பழையதைப் பிரித்தாள். ஒரு வரிசை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குள் போக, அடுத்த வரிசை அங்கிருந்து இங்கே வர, கைவிரல் கோத்தாற்போலக் கட்டிக்கொண்டு மேலே போனாள். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாள். நேராகத்தான் நின்றது.

மூலைக்கு இரண்டு வெள்ளிக்கிழமை. மூன்றாவது வெள்ளிக்கிழமை, வேலூரில் பார்த்த அந்த அரைஞாண் கட்டு. உலர்த்தும் கொட்டகையில் முனை முறிந்த சவுக்குக் கழிகளை விறகுக்கு எடுத்துப்போவது எல்லாருக்கும் வழக்கம். அந்தக் கழிகளைச் சீவினார்கள். சகீனாவின் புருஷன் மஹபூப் பாஷா, சீமைக்குக் கப்பலேறும் தோல் கட்டுகளை இரும்புப் பட்டை போட்டு இறுக்குகிறவர். வெட்டிப்போட்ட பட்டைத் துண்டுகள் அவர் காலடியில் குப்பையாகக் கிடக்கும். “துருப்புடிச்சு மண்ணாவறதுதான், எடுத்துக்கங்க” என்றார். பிறகு தானே வந்து நின்றார், ஏனென்றால் பட்டையை முறுக்கி இறுக்க அவரைப் போல வேறு ஆள் இல்லை. கதவு நிலைக்கு மேலே வெளிப்புறம் ஒரு கழி, உட்புறம் ஒரு கழி. சுவரைத் துளைத்து இரண்டையும் பட்டையால் சேர்த்து இறுக்கினார்கள். லைன் முழுக்கச் சுற்றி, நான்கு மூலையிலும் கழிமேல் கழி ஏற்றி ஆணியடித்தார்கள். பின்சுவரை ஆபீஸிலிருந்து பார்த்தாலே தெரியும். பார்க்கத்தான் அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசிக் கடைசியில் ஆரோக்கியத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. வெளியே மழை கொட்டியது. சுவரிலிருந்து ஒரு பொட்டு மண் உதிரவில்லை.

ஐந்தாம் நாள் மேனேஜர் லைனுக்கு வந்தார். சென்னையிலிருந்து பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் தொழிலாளர் வீடுகளைப் பார்க்க வருகிறாராம், அதற்காகத்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். கூடவே சுந்தரமூர்த்தி. அவருக்குப் பின்னால் கடப்பாரையோடு இரண்டு ஆள். பின்சுவரைப் பார்த்ததும் மேனேஜர் முகம் வெளுத்தது.

“ஏம்மா, இதெல்லாம் ஷாப்பு சாமான். கேக்காம எடுக்கலாமா? இதுக்குப் பேரு இன்னா?”

“குப்பையில கெடந்ததுங்க.”

“நான் வெட்டிப் போட்ட துண்டு சாப்” என்று மஹபூப் பாஷா முன்னால் வந்தார்.

“நீ சும்மா இரு” என்றார் மேனேஜர்.

சுந்தரமூர்த்தி சுவரைத் தடவிப் பார்த்தார். மூலை வேலை எப்படிப்பட்டது என்று அவர் கைக்குத் தெரிந்திருக்கும். அதுவே அவருக்குப் பொறுக்கவில்லை. “சரக்கு மூட்டை மாதிரி வீட்டைக் கட்டி வச்சிருக்கா. பெரிய மனுசரு பாத்தா இன்னா நெனைப்பாரு? இந்தச் செவுத்துக்கு இன்னா கேடு? நான் கட்டினது, நூறு வருசம் நிக்கும். டேய், பட்டையைப் பிடுங்கி எறிங்கடா.”

ஒருவன் கடப்பாரையைப் பட்டைக்கு அடியில் கொடுத்தான். சவுரியம்மாள் ஓடிவந்து தடுப்பாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் ஓடவில்லை, கத்தவுமில்லை. மேஸ்திரிக்கு நேரே வந்து நின்று பேசினாள். ஒன்பது வருஷம் அடக்கி வைத்த கோபம் அது.

“பிடுங்கட்டும் மேஸ்திரி. நான் வேணான்னு சொல்லல. மூலை நான் கட்டினது, அது நிக்கும். இந்தப் பின்செவுரு நீங்க கட்டினது. இதுக்குக் கீழதான் எம் பொண்ணு அஞ்சு நாள் பிள்ளையோட படுத்திருக்கா. நீங்க உள்ள வந்து அவ பக்கத்துல உக்காருங்க. நீங்க உக்காந்துக்கினு இருக்கறப்ப உங்க ஆளு பிடுங்கட்டும்.”

கடப்பாரைக்காரன் கை நின்றது. எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள்.

“பெத்தவ படுத்திருக்கிற வீடு. தீட்டு” என்றார் சுந்தரமூர்த்தி.

“சரி. பொண்ணையும் பிள்ளையையும் சகீனா வீட்டுக்குக் கொண்டுபோயிடறேன். இந்தப் பக்கம் தெருவுல தீட்டு இல்லியே. இங்க, செவுத்தோரமா, ஒரு மணை போடறேன். இங்க உக்காருங்க.”

அவளே போய் மணையைக் கொண்டுவந்து சுவரடியில் போட்டாள். மழை விட்டிருந்த நேரம். லைனில் அத்தனை பேரும் நின்றார்கள், பெண்கள், பிள்ளைகள், குழி வேலையிலிருந்து கால் கழுவாமல் வந்தவர்கள். சுந்தரமூர்த்தி மணையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார். ஓரடிகூட முன்னால் வைக்கவில்லை.

“உக்காருங்க மேஸ்திரி” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

அவர் உட்காரவில்லை. தான் எழுப்பிய சுவருக்கு அடியில் கால் நாழிகை உட்கார அவருக்குத் தைரியமில்லை. ஆனால் அதற்கு அடியில் பத்துக் குடும்பம் ஒன்பது வருஷம் தூங்கலாம், பிள்ளை பெறலாம். கடப்பாரைக்காரன் கடப்பாரையைத் தரையில் போட்டுவிட்டு விலகி நின்றான். நயீம் அகமது தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “இருக்கட்டும், விடுங்க” என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குத் திரும்பி நடந்தார்.

பட்டைகள் தப்பித்தன. பெரிய உத்தியோகஸ்தர் வந்தார், சுவரைச் சுற்றிய கட்டைப் பார்த்து ஆச்சரியப்பட்டார், பூகம்பத்துக்கு முன்னேற்பாடாக முதலாளியே செய்து கொடுத்தது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. முதலாளியின் முன்யோசனையை அவர் மெச்சினார். அதுவும் பேப்பரில் வந்தது. சவுரியம்மாள் அப்போது கூட்டத்தின் பின்வரிசையில் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். வெட்கமில்லாமல் ஒருத்தர் சொல்ல, விசாரிக்காமல் ஒருத்தர் கேட்டுக்கொள்ள, இந்த நாட்டில் நல்ல பெயர் இப்படித்தான் கிடைக்கிறது.

பிள்ளைக்கு முப்பது நாள் ஆனதும் அருளப்பனுக்கு வேலை இல்லை என்று சீட்டு வந்தது. சாமான் எடுத்த குற்றம். வேலை போனால் வீடும் போகும். மஹபூப் பாஷாவை விட்டுவிட்டார்கள், பட்டை இறுக்க வேறு ஆள் கிடைக்காது. அவர் மேனேஜரிடம் போய் மன்றாடிப் பார்த்தார், நடக்கவில்லை. ஆரோக்கியத்தை வாணியம்பாடிக்கு அனுப்பிவிட்டு, சட்டி பானையை வண்டியில் ஏற்றிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் பேரணாம்பட்டுக்குப் போனார்கள். அங்கே அவளுக்குச் சித்தாள் வேலை கிடைத்தது. சுவர் வெடித்த வீட்டுக்காரர்கள், கட்டுப்போடத் தெரிந்த அம்மா ஒருத்தி இருக்கிறாளாம் என்று தேடி வந்து கூப்பிட்டார்கள். மூலை கோத்துக் கட்டினாள், கழி சுற்றினாள், பட்டை இறுக்கினாள். கூலி மட்டும் சித்தாள் கூலிதான் கொடுத்தார்கள். கேட்டுச் சண்டை போட்டாள், சில இடத்தில் கிடைத்தது, பல இடத்தில் கிடைக்கவில்லை.

1937-இல் ஒரு கல்யாணத்துக்காகப் பேரணாம்பட்டு வந்த சகீனா அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்:

“அக்கா, உங்க வீட்டுக்கு ஆள் வந்தாச்சு. யாரு தெரியுமா? சுந்தரமூர்த்தி மேஸ்திரி. டவுன்ல அவரு வீட்டுச் செவுரு போன மழைல சாஞ்சுட்டுது. மேனேஜரைப் புடிச்சுக் கேட்டு வாங்கிக்கினாரு. மூணு வீடு காலியா இருந்துச்சு. கெழக்கு மூலை வீடுதான் வேணும்னு நின்னாராம்.”

சவுரியம்மாள் சுண்ணாம்புக் கையைச் சேலையில் துடைத்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். “கூட யாரு?” என்றுதான் வந்தது.

“பொண்டாட்டி, மருமக, ரெண்டு சின்னப் பிள்ளைங்க.”

அந்த ஆள் மேல் அவளுக்கு இருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

“மூணு மழை ஆச்சு” என்றாள். “பின்பக்கம் வாசலுக்கு நேரா ரெண்டு பட்டை, துரு தின்னிருக்கும். இந்த மழைக்குள்ள மாத்தணும். இல்லன்னா நடுச்செவுரு பிதுங்கும். போய்ச் சொல்லு. யாரு சொன்னதுன்னு கேட்டா என் பேரைச் சொல்லு.”

சகீனா ஆம்பூருக்குத் திரும்பிய அன்றே போய்ச் சொன்னாள். மறுநாள் காலையில் சுந்தரமூர்த்தி ஆள் வைத்து இரண்டு பட்டையையும் மாற்றினார். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை.